31 முறை ‘தெரியவில்லை’

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரண் முழுக்கப் பூண்டு. பங்குனி மாதம். பிடுங்கி வந்த பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிப் புகையில் தொங்கவிடும் வேலை பாதிதான் முடிந்திருந்தது. என் அண்ணன் மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்து நான்கு நாள். அவள் பூண்டைக் கட்டிக்கொண்டே இருந்தாள். நான் கைபேசியில் ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துத் தமிழில் சொல்லி, அவள் சொன்ன பதிலை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஆர்வத் தேர்வு அது. 60 கேள்விகள். 60 வேலைகள் என்றே சொல்லலாம். சமையலறை அலமாரி செய்வது, செங்கல் பதிப்பது, புது மருந்து உருவாக்குவது, தண்ணீர் மாசுபடுவதைக் குறைக்க வழி ஆராய்வது, நாடகம் எழுதுவது, பங்குகளை வாங்கி விற்பது, படிவங்களில் பிழை பார்ப்பது. ஒவ்வொன்றும் உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று ஐந்து படிகளில் சொல்ல வேண்டும். நடுப்படி ‘தெரியவில்லை’. அதற்கு எவ்வளவு படிக்க வேண்டும், என்ன சம்பளம் வரும் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேலையை மட்டும் நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

முடித்த பிறகு எண்ணிப் பார்த்தேன். 60-இல் 31 ‘தெரியவில்லை’.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை ஆசையாக உட்கார்ந்து கேட்டதற்கு இதுதானா என்று. “கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன். அவள் கட்டிய பூண்டைப் பரணுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “பார்க்காத வேலையைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று எப்படி அத்தை சொல்வது?” என்றாள்.

மாதக்கணக்கில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தன்னைத் தானே அளந்து பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம்.

நான் பத்தாம் வகுப்பு முடித்தது 2001-இல். என்ன படிக்கப் போகிறோம் என்பதை எங்களுக்கு மதிப்பெண்தான் முடிவு செய்தது. நிறைய எடுத்தவர்களுக்கு முதல் குரூப், அதற்கடுத்தவர்களுக்கு அடுத்தது என்று பிரித்துக்கொண்டே வந்ததில் எனக்கு வணிகவியல் வந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. எனக்குத் தெரிந்த வேலைகளை விரல்விட்டு எண்ணலாம்: பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விவசாயம். மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றுவது. வடுகபட்டிச் சந்தைக்குச் சரக்கு பிடிப்பது. டாக்சி ஓட்டுவது. லாட்ஜில் அறை சுத்தம் செய்வது. கண்டக்டர், டீச்சர், நர்ஸ். இதில் படித்த பெண்ணுக்கு என்று ஊர் ஒதுக்கியிருந்தவை கடைசி இரண்டு மட்டும்தான்.

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஒரு வேலையை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு காலம் முன்பே, இது ஆண்கள் வேலை, இது நமக்கு எட்டாது, இது நம் கௌரவத்துக்குக் குறைவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்பது அவர் கருத்து. அப்படிக் கழித்ததே பிறகு அவர்களுக்கு நினைவிருப்பதில்லை. படித்தபோது எனக்குப் பகீரென்றது. வானொலி நிலையம் எங்கள் மலையிலேயே இருக்கிறது. கோடை பண்பலையைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் களை எடுத்தோம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார், அதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பி.காம். முடித்து, 2007-இல் மதுரையில் ஒரு கடன் நிறுவனத்தில் சேர்ந்தேன். காலையில் கணக்கு, மதியத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்குத் தொலைபேசி. மாதக் கடைசியில் இத்தனை ரூபாய் வசூலாக வேண்டும் என்று இலக்கு. ஐந்தாறு ஆண்டு கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. எனக்குக் கணக்கு வேலை ஒத்துவரவில்லை, தப்பான குரூப்பில் போய் மாட்டிக்கொண்டேன் என்று முடிவு கட்டினேன். தையல் வகுப்புக்கு விசாரித்தேன். பி.எட். சேரலாமா என்று பார்த்தேன். கணக்கிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடிவிட வேண்டும் என்றிருந்தேன்.

2016-இல் உடன் வேலை செய்த அக்கா ஒருவர் இதே 60 கேள்விகளை எனக்குக் காட்டினார். எல்லாவற்றையும் முடித்தேன். முதலிடத்தில் வந்தது கணக்கும் ஒழுங்கும் சார்ந்த வேலைகள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எதிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ அதிலேயே மறுபடி கொண்டுபோய்த் தள்ளுகிறதே என்று அழுகை வந்தது.

இந்த வகைத் தேர்வுகள் எங்கிருந்து வந்தன என்று அந்த வாரம்தான் தேடிப் படித்தேன். ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பொறியியல் படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, வழக்கறிஞராகி, சட்டம் கற்பித்து என்று அவரே பல துறைகளில் கால் வைத்தவர். அந்த ஆண்டே இறந்தும் போனார். எழுதி வைத்திருந்த நூல் 1909-இல் வெளிவந்தது. அதில் அவர் கேட்பது மூன்று. தன்னைத் தெரிந்துகொள்வது முதலாவது. வேலைகளைத் தெரிந்துகொள்வது இரண்டாவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேர்மையாக யோசிப்பது மூன்றாவது. நாம் முதலாவதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். இரண்டாவதைப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை. அது இல்லாமல் முதலாவது எப்படி வரும்?

ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர வந்தவர்களை உட்கார வைத்து, அதுவரை என்ன வேலை செய்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டவர். மனிதர்கள் சில வகைகளுக்குள் திரும்பத் திரும்ப வந்து விழுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் முளைவிட்டது. 1959-இல் அதைக் கோட்பாடாக வெளியிட்டார். ஆறு நாட்டங்கள்: கையால் செய்வது, தேடி ஆராய்வது, புதிதாகப் படைப்பது, பிறருக்கு உதவுவது, ஆட்களை இணங்க வைத்துக் காரியம் நடத்துவது, வரிசைப்படுத்திக் கணக்காக வைப்பது. இந்த ஆறையும் பின்னாளில் இதே வரிசையில் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தார்கள். அடுத்தடுத்த முனைகள் உறவு. நேரெதிர் முனைகள் ஒட்டாது. கையால் செய்வதற்கு எதிரே உதவுவது. படைப்பதற்கு எதிரே கணக்காக வைப்பது. ஆராய்வதற்கு எதிரே ஆளை இணங்க வைப்பது.

கவிழ்த்து வைத்த கைபேசியைத் திரும்ப எடுத்தேன். எனக்கு இரண்டாவதாக வந்திருந்தது ஆராய்வது. ஆறாவதாக, அடிமட்டத்தில் கிடந்தது, ஆளை இணங்க வைப்பது. தொலைபேசியில் மதியத்துக்கு மேல் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஒரு தாளில் வந்த எண்களை நம்பி வேலையை விட முடியாது. அதனால் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பன்னிரண்டு வாரம், தினமும் இரவு படுக்கும் முன்பு நாலு வரி. அன்று செய்த வேலைகளைத் துண்டு துண்டாக எழுதுவேன். ‘அலுவலகம்’ என்று மொத்தமாக எழுதக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, நேரம் ஓடியதா நின்றதா. முடித்தபோது உடம்பு களைத்திருந்ததா மனசு களைத்திருந்ததா. நாளைக்கு இதையே செய்யச் சொன்னால் என்ன தோன்றும். அவ்வளவுதான்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “540 ரூபாய் உதைத்தது. தேடிப் பிடித்தேன். சாப்பிட மறந்துவிட்டேன்.” அன்று நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கணக்கில் பற்று, வரவு இரண்டு பக்கத்துக்கும் இடையே 540 ரூபாய் வித்தியாசம். 540 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். கணக்கில் கை பழகியவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 540-ஐ ஒன்பதால் வகுத்தால் 60. அப்படியானால் மாறியது நூற்றிடமும் பத்திடமும். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஆறு வித்தியாசம் இருக்க வேண்டும். 6-ம் 0-ம், 7-ம் 1-ம், 8-ம் 2-ம், 9-ம் 3-ம் என்று வரும் தொகைகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். 4,710 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4,170. அந்த எண்ணின் மேல் விரல் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் பக்கம்: “22 அழைப்பு. ஒருவர் என் பேச்சை வைத்தே ‘நீங்கள் மலைக்காரப் பெண்ணா அம்மா?’ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லாமல் தவணைத் தேதியைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து குளித்தேன்.”

பன்னிரண்டு வாரமும் ஒன்றுபோலவே இருந்தது. கணக்கு எழுதிய காலை ஒன்றில்கூட நேரம் நிற்கவில்லை. தொலைபேசி எடுத்த மதியம் ஒன்றில்கூட ஓடவில்லை. நான் வெறுத்தது கணக்கை இல்லை. கணக்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்த இன்னொன்றை. இரண்டும் ஒரே நாற்காலியில், ஒரே சம்பளத்தில், ஒரே பெயரில் இருந்ததால் பத்து ஆண்டுகள் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வேலை பிடிக்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், அதில் எந்தத் துண்டு என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன். மேலதிகாரியா, நேரமா, பயணமா, அந்த வேலையின் மையமேவா? பலரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. பிரிக்காமல் விட்டுவிட்டு ஓடினால், ஓடிப் போன இடத்திலும் அதே துண்டு காத்திருக்கும்.

நோட்டு போதாது என்று தோன்றியதால் மூன்று பேரிடம் கேட்டேன். நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு பக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955-இல் இதை நான்கு கட்டமுள்ள ஒரு சன்னலாக வரைந்து காட்டினார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு ‘ஜோஹாரி சன்னல்’ என்று பெயர். தன்னைத் தானே அளப்பது என்றால் தனியாக உட்கார்ந்து அளப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். தனியாக உட்கார்ந்தால் அந்தக் கட்டம் இருட்டாகவே கிடக்கும்.

அலுவலகத் தோழி, “நீ யாரையும் கடிந்து பேசமாட்டாய்” என்றாள். பள்ளிக்கூட டீச்சர் என் கையெழுத்தை நினைவு வைத்திருந்தார். அம்மாவிடம் கேட்டபோது, அவர் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்துவிட்டு, “நீ பிரித்த பூண்டை மறுபடி யாரும் பார்க்க வேண்டியதில்லை” என்றார்.

விதைக்கு ஒரு குவியல், விற்பனைக்குப் பெரியது, நடுத்தரம், சிறியது, வீட்டுக்கு உடைந்ததும் பல் உதிர்ந்ததும். பத்து வயதிலிருந்து செய்திருக்கிறேன். மற்றவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போவார்களாம், குவியல் தீரும்வரை நான் எழமாட்டேனாம். விதைப்பூண்டில் ஒரு சொத்தை கலந்திருந்தால் அப்பாவுக்கு முன்பு நான் எடுத்துப் போட்டுவிடுவேனாம். எனக்கு இதெல்லாம் நினைவே இல்லை. அதை ஒரு திறமை என்று நான் நினைத்ததும் இல்லை, ஏனென்றால் அது எனக்குச் சுலபமாக வந்தது. சுலபமாக வருவதை நாம் மதிப்பதில்லை. அதனாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. கொடைக்கானலில் லாட்ஜ், கடை, வியாபாரம் என்று வைத்திருந்தவர்களுக்குத் திடீரென்று மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அவசியம். பில்லை நோட்டுக்குள் சொருகி வைத்துப் பழகியவர்கள் திண்டாடினார்கள். சொந்தக்காரர் ஒருவருடைய விடுதிக் கணக்கை ஒழுங்கு செய்து தருகிறேன் என்று சொன்னேன். வேலையை விடவில்லை. சனிக்கிழமை மாலை மதுரையில் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, ஞாயிறு முழுவதும் பில்களோடு உட்கார்ந்து, இரவு கீழே இறங்குவேன். நான்கு மாதம் இப்படிச் செய்து பார்த்தேன். இரண்டு நாளும் ஓய்வில்லாமல் திங்கட்கிழமை வேலைக்குப் போயும், ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ‘நேரம் ஓடியது’ என்றே எழுதியிருக்கிறேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.

இப்போது கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் ஓர் அறையில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. பூண்டு வியாபாரிகள், விடுதிக்காரர்கள், இரண்டு பேக்கரி. முதல் ஆண்டு வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் மாதாமாதம் கணக்குத் தாக்கலுக்குக் கெடுவான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது மற்றவர்கள் படும் பதற்றத்தை என்னால் இறக்கி வைக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

மறுபடி அண்ணன் மகளிடம் வருகிறேன்.

31 ‘தெரியவில்லை’ இருந்தும் அந்தத் தேர்வு அவளுக்கு ஒரு முடிவைக் கொடுத்தது. உதவுவது முதலிடம். அதற்கான விளக்கத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். “எனக்கே எழுதியதுபோல இருக்கிறதே அத்தை!” என்று அவள் முகம் மலர்ந்தது. நான் உடனே அடுத்த வகையின் விளக்கத்தைப் படித்தேன். அதுவும் தன்னைப் போலவே இருக்கிறது என்றாள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, உன் குணம் இதுதான் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே தாள். வாக்கியங்களை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பழனி அடிவாரத்தில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டும் எல்லோருக்கும் பொருந்தத்தான் செய்கிறது. எனவே எந்தத் தேர்வானாலும் உனக்கு வராத வகையின் விளக்கத்தையும் படித்துப் பார். அதுவும் பொருந்தினால் அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாய் என்பதை மட்டும் பார். அவள் பதில்களில் பயனுள்ளது அந்த 31 தான் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் பார்க்காத வேலைகளின் பட்டியலை அவளே தயாராக எழுதிக் கொடுத்திருந்தாள்.

அண்ணனுக்கு இதில் நம்பிக்கையில்லை. “ஆர்வம் இருந்தால் போதுமா? மதிப்பெண் வேண்டாமா? ஃபீஸ் யார் கட்டுவது?” என்றார். அவர் கேட்டது நியாயம். ஆர்வத் தேர்வு திறமையை அளப்பதில்லை, வீட்டுப் பண நிலைமையை அளப்பதில்லை, அந்த வேலைக்கு நாட்டில் ஆள் தேவைப்படுகிறதா என்றும் சொல்வதில்லை. அவை மூன்றும் தனித்தனிக் கணக்கு. மூன்றையும் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆர்வம் என்ற முதல் கணக்கைப் போடாமல் மற்ற மூன்றை மட்டும் போட்டு எடுத்த முடிவு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ் செலவுக்கு வைத்துக்கொள் என்று அவளிடம் 500 ரூபாய் கொடுத்தார்.

2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் மேற்படிப்பு பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இல்லாத ஒன்று இது, மனதாரச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் ஒரு வேலையைப் பற்றிக் கேட்பதும், அந்த வேலை நடக்கும் இடத்தில் அரை நாள் நிற்பதும் ஒன்றாகாது. சித்திரை, வைகாசி முழுக்க நிற்பது என்று முடிவு செய்தோம். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பிடித்துக் கேட்டதில் நான் பயந்த அளவுக்கு யாரும் மறுக்கவில்லை. தன் வேலையைப் பற்றிக் கேட்க ஒரு பிள்ளை வந்திருக்கிறாள் என்றால் பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

முதலில் கொடைக்கானல் அப்சர்வேட்டரி, சூரியனை ஆராயும் இடம். பார்வையாளர் நேரத்தில் கூட்டிக்கொண்டு போனேன். 1899-இல் நிறுவப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். “ஒரே சூரியனைத் தினமும் எடுத்து என்ன அத்தை ஆகும்?” என்றாள். ஜெர்மனியில் ஹைன்ரிக் ஷ்வாபே என்ற மருந்துக் கடைக்காரர் 1826-இலிருந்து பதினேழு ஆண்டுகள் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியப் புள்ளிகளை எண்ணிக் குறித்து வைத்ததைச் சொன்னேன். அவர் தேடியது வேறு, ஒரு புதிய கிரகம். கிரகம் கிடைக்கவில்லை. புள்ளிகள் பத்துப் பதினோரு ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன என்பது அவர் நோட்டிலிருந்து தெரிந்தது. ஒரு நாள் பார்த்தால் தெரியாது.

அங்கே வேலை செய்த ஜான் எவர்ஷெட்டைப் பற்றியும் சொன்னேன். லண்டனில் ஒரு நிறுவனத்தில் ரசாயனப் பரிசோதனை அவருக்குப் பிழைப்பு. சூரியனைப் பார்ப்பது வீட்டில், சொந்தக் கருவிகளோடு, ஓய்வு நேரத்தில். 1907-இல் கொடைக்கானலுக்கு வேலைக்கு வரும்போது அவருக்கு வயது 42. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி விரைவதை 1909 ஜனவரியில் நம் மலையில்தான் கண்டுபிடித்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகம் முழுக்கப் பாடத்தில் இருக்கிறது. பார்சன்ஸின் நூல் பாஸ்டனில் வந்த அதே ஆண்டு. அவள் அதிகமாகக் கவனித்தது அந்த 42-ஐத்தான். “அப்படியானால் இப்போதே முடிவு செய்துவிட வேண்டியதில்லை, இல்லையா?” என்று இரண்டு முறை கேட்டாள். பதினேழு வயதில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டா பூண்டு கட்டினாள் என்று எனக்கு மனசு கனத்துவிட்டது.

நாற்றங்காலில் ஒரு நாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நாள். ‘ஆய்வகத்தில் பரிசோதனை செய்வது’ என்ற கேள்விக்கு அவள் ‘பிடிக்காது’ என்று சொல்லியிருந்தாள். நிறம் மாறும் சோதனைக் குழாய்தான் அவளுக்குத் தெரிந்த ஆய்வகம். அங்கே கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து இன்னொரு சில்லால் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக இழுப்பதைப் பார்த்தாள். இழுப்பு சரியாக வந்தால் நுனியில் இறகுபோல் மெலிந்து முடியும். அந்த அக்கா இவளிடமும் தண்ணீர் கலந்த சாயத்தைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். பதினோராவது சில்லில் இறகு வந்தது. வீடு வரும்வரை வேறு பேச்சே இல்லை.

தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் டியூஷன் எடுத்தாள். டீச்சராவது பிடிக்கும் என்று அவள் சொல்லியிருந்ததால் நான்தான் ஏற்பாடு செய்தேன். பதினாலாம் நாள் மாலை வந்து, “எனக்கு இது வேண்டாம் அத்தை” என்றாள். சொன்ன பிறகு அவள் தோள் தளர்ந்ததைப் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டு வளர்த்திருந்தோம்.

வைகாசிக் கடைசியில் அதே 60 கேள்விகளை மறுபடி கேட்டேன். இந்த முறை ‘தெரியவில்லை’ 12. முன்பு பிடிக்கும் என்றதில் ஐந்து, பிடிக்காது என்று மாறியிருந்தது. முதலிடத்தில் இப்போது ஆராய்வதும் கையால் செய்வதும். இது கடைசித் தீர்ப்பு என்று நான் நம்பவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு முறை கேட்கத்தான் போகிறேன். மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், மூன்றும் அண்ணனும் நானும் உட்கார்ந்து ஃபீஸ் கணக்குப் பார்த்தவை.

அவளுக்கும் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். விதிகள் என்னுடையவையே. போன வாரம் பூம்பாறைக்குப் போனபோது, “படித்துப் பாருங்கள் அத்தை” என்று அவளாகவே கொண்டுவந்து நீட்டினாள். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தை அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

“புதன். இரவு பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கன்று மாறிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றார், நான் பிடித்தேன். முழங்கைக்கு மேல் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினார். ‘முன்னங்கால் மடங்கியிருக்கிறது’ என்றார். கால் குளம்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு திருப்பினார், கருப்பையைக் கிழித்துவிடாமல் இருக்க. கயிறு கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். கன்று மூச்சு விடவில்லை. வைக்கோலால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். தும்மியது. உடம்பு களைப்பு. மனசு இல்லை. எப்போது விடிந்தது என்று தெரியவில்லை.”